கல்லீரல் சுருங்கினால்தான் வழி கிடைக்கும்: எடைக்குறைப்பு அறுவைக்கு முந்தைய பத்தியம்

எடைக்குறைப்பு அறுவைக்குத் தேதி குறித்ததும் டயட்டீஷியன் ஒரு தாளைக் கொடுப்பார். இரண்டு வாரம், ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து 100 கிராமுக்குள், புரதம் 60 முதல் 80 கிராம். எடை அதிகமாக உள்ளவர்களுக்கு இது நான்கு வாரம் வரைகூட நீளலாம். தாளை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: "அறுவைக்கு முன்பே கொஞ்சம் எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள்." அந்த இடத்திலேயே கணக்கு தப்பிவிடுகிறது. இந்தப் பத்தியத்தின் குறி கல்லீரல். தராசில் குறைவது அதன் உபவிளைவு.

இரைப்பையின் மேல்பகுதியும் உணவுக்குழாய் வந்து சேரும் இடமும் கல்லீரலின் இடது மடலுக்கு அடியில் ஒளிந்திருக்கின்றன. ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல் ஒடுக்குவது) ஆனாலும் பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு இணைப்பது) ஆனாலும் அறுவை நிபுணர் வேலை செய்ய வேண்டிய இடம் அதுதான். லேப்ராஸ்கோப்பி அறுவையில் நெஞ்செலும்புக்குக் கீழே சிறு துளையிட்டு, வளைந்த உலோகத் தாங்கி ஒன்றை நுழைத்து, அந்த மடலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். உடல் பருமன் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கும். அப்படிப்பட்ட கல்லீரல் பெரியதாக, கனமாக, எளிதில் கிழிந்து ரத்தம் கசிவதாக இருக்கும். தூக்கினாலும் வழி தெரியாது, அழுத்தித் தூக்கினால் காயப்படும். நிலைமை மோசமானால் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டிவரும், அல்லது எதுவும் செய்யாமல் துளைகளைத் தைத்து அனுப்பிவிடுவார்கள். மயக்கம் தெளிந்து எழும்போது "நடக்கவில்லை" என்று கேட்பதைவிட இரண்டு வாரப் பசி மேல்.

இரண்டு வாரத்தில் கல்லீரல் சுருங்குவது எப்படி? சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் அதைப்போல நான்கைந்து மடங்கு. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மாவுச்சத்து வரத்து குறைந்ததும் ஓரிரு நாளில் இந்த இருப்பு கரைகிறது, தண்ணீரும் வெளியேறுகிறது. அடுத்து உடல் கொழுப்பில் கைவைக்கிறது. கல்லீரலில் படிந்த கொழுப்பு சீக்கிரம் கரையும் வகை. சுருக்கத்தின் பெரும்பகுதி முதல் இரண்டு வாரத்திலேயே நடந்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் தாளில் உள்ள மற்ற கட்டளைகள் தாமாகவே புரியும். கலோரி 900-க்குள் இருக்கிறது என்பதற்காகப் பழச்சாறும் பிஸ்கட்டும் வைத்து நாளை ஓட்டினால் எடை குறையலாம், கல்லீரல் எதிர்பார்த்த அளவு இறங்காது. அறுவைக்கு முந்தைய வார இறுதியில் "கடைசி விருந்து" ஒன்றை வைத்துக்கொண்டால், காலியான கிளைக்கோஜன் கிடங்கு ஒரே நாளில் தண்ணீரோடு சேர்ந்து நிரம்பத் தொடங்கிவிடும். விருந்து வைத்தே தீர வேண்டும் என்றால் பத்தியம் தொடங்கும் முன் வையுங்கள். அதுவும் தேவையா என்பது வேறு கேள்வி.

எந்த வடிவம்?

மூன்று வடிவங்கள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, புரத ஷேக் அல்லது முழு உணவுக்கு மாற்றான பொடிகள். யோசிக்க வேண்டியதில்லை, வைட்டமின்கள் உள்ளேயே இருக்கும், இனிப்புச் சுவைதான் நாலாம் நாளில் குமட்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் குடிக்கும் வெறும் புரதப் பொடியும் உணவு மாற்றுப் பொடியும் ஒன்றல்ல. முன்னதில் வைட்டமின், தாது, நார் எதுவும் போதுமான அளவில் இராது.

இரண்டு, பால் பத்தியம். ஒரு நாளைக்கு 1.8 லிட்டர் பால் என்று வைத்துக்கொண்டால் புரதம் 60 கிராம், மாவுச்சத்து 85-90 கிராம் வந்துவிடும். கொழுப்பு நீக்கிய பாலில் சுமார் 630 கலோரி, பாதி கொழுப்பு எடுத்த பாலில் 850-900. மலிவு, எளிது. ஆனால் இரும்பும் நாரும் கிடையாது. ஆகவே தினமும் ஒரு மல்ட்டிவைட்டமின் மாத்திரை கட்டாயம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். லாக்டோஸ் நீக்கிய பால் வயிற்றைக் காப்பாற்றும், ஆனால் சர்க்கரை அளவு அதிலும் ஏறக்குறைய அதேதான்.

மூன்று, அளந்து சாப்பிடும் வழக்கமான உணவு. மனத்துக்கு இதமானது, தவறு செய்ய அதிக இடம் கொடுப்பது. சமையல் தராசு இல்லாமல் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு நாள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். காலையில் வேகவைத்த முட்டை இரண்டு, கொழுப்பு நீக்கிய பால் 200 மில்லி. இடையில் சர்க்கரை சேர்க்காத தயிர் 150 கிராம். மதியம் தோல் நீக்கிச் சமைத்த கோழி நெஞ்சுக்கறி 80 கிராம், மாவில்லாத காய்கறி 200 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். மாலையில் மீண்டும் பால் 200 மில்லி, ஒரு சிறு ஆப்பிள். இரவு மீன் 80 கிராம், காய்கறி 200 கிராம், எண்ணெய் ஒரு டீஸ்பூன். கூட்டினால் சுமார் 830 கலோரி, புரதம் 80 கிராம், மாவுச்சத்து 60 கிராம். பசி தாங்காதவர்களுக்கு 30 கிராம் ஓட்ஸ் சேர்க்க இடம் மிச்சமிருக்கிறது.

கறியைப் பச்சையாக நிறுக்கிறீர்களா, வெந்த பிறகா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். 100 கிராம் பச்சைக் கோழி வெந்தால் 70-75 கிராம்தான் நிற்கும். எண்ணெயைக் கண்ணளவில் ஊற்றுவது இன்னொரு ஓட்டை. ஒரு டீஸ்பூன் 45 கலோரி, ஒரு மேசைக்கரண்டி 120.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பைப் புரதக் கணக்கில் மட்டும் எழுதிவிடுகிறார்கள். வெந்த பருப்பு 100 கிராமில் புரதம் 9 கிராம், மாவுச்சத்து 20 கிராம். புரதம் முழுவதையும் பருப்பிலிருந்தே எடுக்கப் பார்த்தால் மாவுச்சத்து வரம்பு முதலில் உடைந்துவிடும். தயிர், டோஃபு, முட்டை சாப்பிடுகிறவர்களானால் முட்டை, தேவைப்பட்டால் ஒரு கரண்டி புரதப் பொடி என்று பிரித்துக்கொள்வதுதான் வழி. உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், பட்டாணி ஆகியவை இந்த இரண்டு வாரத்துக்குக் காய்கறிப் பட்டியலில் சேராது.

தெரியாமல் நுழையும் சர்க்கரைகளும் உண்டு. தேன், தக்காளி சாஸ், இருமல் சிரப், பழச்சுவைத் தயிர். "சர்க்கரை இல்லாதது" என்ற மிட்டாய்களில் இருக்கும் சார்பிட்டால் அளவு மீறினால் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும். மதுவுக்கு இடமே இல்லை. கலோரி ஒருபுறம் இருக்கட்டும், சுருங்க வேண்டிய உறுப்பின் மீதே அது வேலை வைக்கிறது.

முதல் நான்கு நாள்

தலைவலி, களைப்பு, எரிச்சல், கவனம் சிதறுவது, வாயில் உலோக வாடை. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இவை உச்சத்தில் இருக்கும். இன்சுலின் அளவு இறங்கும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் அதிகமாக வெளியேற்றுவது தலைவலிக்கு ஒரு காரணம். தினமும் 2 முதல் 2.5 லிட்டர் தண்ணீரும், ஒரு கப் உப்புள்ள தெளிந்த சூப்பும் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பையும் தண்ணீரையும் கேட்டுவிட்டுத்தான் கூட்ட வேண்டும். காப்பியைத் திடீரென்று நிறுத்தினாலும் இதே தலைவலி வரும். அதனால் காப்பியைக் குறைக்கும் வேலையைப் பத்தியத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குவது புத்திசாலித்தனம்.

ஐந்தாம் நாளுக்குப் பிறகு பலருக்குப் பசி மட்டுப்படும். அப்போது மலச்சிக்கல் வந்து நிற்கும். உணவின் அளவே குறைந்திருப்பதால் தினமும் போகவில்லை என்று பதற வேண்டியதில்லை. கெட்டியாகி வலித்தால் இசப்கோல் ஒரு கரண்டி, அதனுடன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். யூரிக் அமிலத்தால் மூட்டுவலி வந்த வரலாறு உள்ளவர்களுக்கு இந்த நாட்களில் அது மறுபடி கிளம்பக்கூடும். கால் கட்டைவிரல் சிவந்து வீங்கினால் பொறுத்துக்கொண்டிருக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரைகள்: அபாயம் உண்மையில் இங்கேதான்

பசியால் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. மாத்திரையை மாற்றாமல் உணவை மட்டும் மாற்றியவர்கள் ஓடியிருக்கிறார்கள். பத்தியம் தொடங்கும் முன்பே, முதல் நாள் காலையில்கூட அல்ல, மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டி எதைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிக்ளசைடு ஆகிய நீரிழிவு மருந்துகள் பழைய அளவில் தொடர்ந்தால் முதல் நாளே சர்க்கரையை அதலபாதாளத்துக்குத் தள்ளலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் வந்தால் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை, ஏறவில்லை என்றால் மீண்டும் அதே அளவு. "பத்தியம் கெட்டுவிடுமே" என்று தயங்கும் நேரம் இது அல்ல. மெட்ஃபார்மின் தனியாக இப்படி இறக்குவது அரிது.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை நீரிழிவு மாத்திரைகள் வேறு மாதிரி. இவற்றோடு மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் (கொழுப்பு கரையும்போது உருவாவது) ஏறிப்போகலாம், அதுவும் சர்க்கரை அளவு கிட்டத்தட்ட சரியாகக் காட்டும்போதே. மீட்டரைப் பார்த்து நிம்மதி அடைவதுதான் பொறி. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அறுவைக்குக் குறைந்தது 3 நாள் முன்பு இந்த மாத்திரைகளை நிறுத்த வேண்டும் என்பது பொது விதி. பத்தியமே மாவுச்சத்து குறைந்தது என்பதால் அதன் தொடக்கத்திலேயே நிறுத்தச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு.

ரத்த அழுத்த மாத்திரையும் நீர் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றினால் அழுத்தம் இறங்கியிருக்கிறது என்று பொருள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் திடீரென்று கீரையும் பச்சைக் காய்களும் கூட்டினால், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு மாறும். மனநல மருந்தான லித்தியம் எடுப்பவர்களுக்கு உப்பும் தண்ணீரும் மாறுவதே ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். நீரிழிவுக்கும் எடைக்குறைப்புக்கும் போடும் செமாகுளுடைடு, டிர்செபடைடு போன்ற ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. கடைசி ஊசி எந்தத் தேதியில் என்பதை மயக்க மருந்து நிபுணரிடம் மறக்காமல் சொல்லுங்கள். முதல் வகை நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தாளில் அச்சடித்த பொதுப் பத்தியம் பொருந்தாது, தனியாக எழுதித்தான் தர வேண்டும்.

இதே இரண்டு வாரத்தில் பழகிக்கொள்ள வேண்டியவை சில. சோடா வகைகளை நிறுத்துவது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் இடைவெளி விடுவது, ஒவ்வொரு கவளத்தையும் கூழாகும் வரை மெல்லுவது, தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் சிறு சிறு வாயாக உறிஞ்சுவது. அறுவைக்குப் பின் வலியோடு கற்பதைவிட இப்போது கற்பது எளிது. புகையை இதற்கும் முன்பே, பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும்.

கடைசி நாளில் பல இடங்களில் திரவம் மட்டும்தான். பொதுவாக மயக்க மருந்துக்கு 6 மணி நேரம் முன்பு திட உணவு நிற்கும், 2 மணி நேரம் முன்பு வரை தெளிந்த திரவம் அனுமதி. பால், புரத ஷேக், பால் கலந்த காப்பி எதுவும் தெளிந்த திரவம் அல்ல. இவை 6 மணி நேரக் கணக்கில்தான் சேரும். உங்களுக்குச் சொன்ன நேரம் இதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால்? மறுநாள் பட்டினி கிடந்து ஈடுகட்டப் பார்க்காமல் அடுத்த வேளையிலிருந்து தாளுக்குத் திரும்புங்கள். பல நாட்கள் தவறியிருந்தால் மறைக்காமல் அறுவைக் குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தேதியை ஒரு வாரம் தள்ளுவது அவர்களுக்குச் சாதாரணம், உள்ளே போய்ப் பெரிய கல்லீரலைப் பார்ப்பதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. காய்ச்சலோ வேறு காரணமோ வந்து ஆஸ்பத்திரியே தேதியைத் தள்ளிவைத்தாலும் இந்த 800 கலோரியைத் தன்னிச்சையாக நீட்டிக்கொண்டே போகாதீர்கள். தசை கரையும், வேகமாக எடை குறைவதால் பித்தப்பைக் கல்லுக்கும் வாய்ப்பு கூடும். அன்றே டயட்டீஷியனை அழைத்து, இடைக்காலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான உணவுத் திட்டமும், பத்தியத்தை மீண்டும் தொடங்க வேண்டிய தேதியும் கேட்டு வாங்குங்கள். குறைத்த மாத்திரைகளின் அளவையும் அந்த அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள், உணவு கூடும்போது அவையும் மாற வேண்டியிருக்கும்.