பழைய திருப்பண்டம்: பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள்

மதுரைப் பக்கம் சில கத்தோலிக்க வீடுகளில் தாத்தா காலத்துத் திருப்பண்டம், அதாவது ஒரு புனிதரின் எலும்புத் துணுக்கோ உடைத் துணுக்கோ, ஜெபப் பீடத்தில் இருக்கும். வட்டமான சின்னப் பித்தளைச் சிமிழ், முன்னால் கண்ணாடி, உள்ளே துணுக்கும் லத்தீன் சீட்டும். 'எக்ஸ் ஓசிபுஸ்' என்றால் எலும்பு. 'எக்ஸ் இந்துமெந்திஸ்' என்றால் உடை.

சீட்டை யாரும் எழுதிவிடலாம். பின்பக்கம்தான் பேசும். பின்மூடியை மெதுவாகக் கழற்றினால் சிவப்புப் பட்டு நூல் குறுக்கே கட்டியிருக்கும். நூலை அழுத்திப் பிடித்தபடி சிவப்பு அரக்கு முத்திரை. நூல் அரக்குக்கு அடியில் ஓடாமல் மேலே ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள். முத்திரையில் உள்ள சின்னம், திருப்பண்டத்தோடு கொடுக்கப்படும் சான்றிதழில் பதிந்திருக்கும் சின்னத்தோடு ஒத்துப்போக வேண்டும். சான்றிதழில் புனிதர் பெயர், சிமிழின் வடிவம், நூலின் நிறம்கூட எழுதியிருப்பார்கள். ஆனால் முத்திரை சொல்வது ஒன்றுதான்: வைத்த பிறகு யாரும் திறக்கவில்லை. எலும்பு யாருடையது என்பதற்கு அதற்கு முந்தைய ஆவணம் வேண்டும்.

நம்மூர்ச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்தால் அரக்கு இளகிச் சின்னம் மழுங்கிவிடும். நூல் அறுந்தாலும் நீங்களே பசை போட்டு ஒட்டாதீர்கள். அத்தோடு சான்று போயிற்று. பங்குத்தந்தை வழியாக ஆயர் (பிஷப்) இல்லத்துக்குக் கொண்டுபோங்கள்.

விலைக்கு வந்தால் வாங்கவே வேண்டாம். திருச்சபைச் சட்டம் 1190 விற்பனையை அடியோடு தடுக்கிறது.

1693-இல் புனித அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூரிலிருந்து பக்தர்கள் எடுத்துவரும் செம்மணலுக்கு இந்த முத்திரைச் சோதனை பொருந்தாது. அதை எடுத்துவந்த பொட்டலத்தின் மேல் இடம், தேதி எழுதி வையுங்கள்.