விருந்தினர் பட்டியலைத் தாண்டி

இசைத்தொகுப்புகளுக்கு விமர்சனம் எழுதும் வேலையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை கூட்டுப் பாடல் ஆல்பங்கள்தான். மூத்த பாடகர் ஒருவர் தன் பழைய பாட்டுகளை இளையவர்களோடு சேர்ந்து மறுபடி பாடுவார். அலுவலகத்தில் எழும் முதல் கேள்வியே "கூட யார் யார் பாடியிருக்காங்க?" என்பதுதான். அப்புறம் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பார்கள். பாட்டு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

அமெரிக்க ராக் பாடகர் ஜான் ஃபோகர்ட்டியின் 'ரோட் எ சாங் ஃபார் எவ்ரிஒன்' இதற்கு நல்ல உதாரணம். அவருடைய 68ஆவது பிறந்தநாளான 2013 மே 28 அன்று வெளியானது. ஃபூ ஃபைட்டர்ஸ், மிராண்டா லாம்பர்ட், பாப் சீகர், ஆலன் ஜாக்சன், ஜெனிஃபர் ஹட்சன் என்று பெரிய கூட்டம். அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் 3ஆம் இடத்தில் நுழைந்தது. விமர்சகர்களும் பெரும்பாலும் பாராட்டினார்கள். குறை சொன்னவர்களின் வாதம், பல பாட்டுகள் மூலத்தை விட்டு அதிகம் நகரவில்லை என்பது. அதில் நியாயம் உண்டு. ஆனால் பாராட்டியவர்களும் குறை சொன்னவர்களும் விருந்தினர் பட்டியலை வரிசையாகப் பார்த்து ஆளுக்கொரு மதிப்பெண் போட்டுக்கொண்டே போனதுதான் எனக்கு உறுத்தியது.

இந்தப் பாட்டுகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. தன் பழைய ராக் குழுவான கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலுக்காக ஃபோகர்ட்டி எழுதியவற்றின் உரிமை ஃபேண்டசி என்ற இசைத்தட்டு நிறுவனத்திடம் போய்விட்டது. அந்தக் கசப்பில் 1987 வரை பல ஆண்டுகள் அவற்றை மேடையில் பாட மறுத்தார். புதிதாக எழுதிய பாட்டு ஒன்று, தங்களிடம் இருக்கும் அவருடைய பழைய பாட்டின் நகல் என்று அந்த நிறுவனம் வழக்கே போட்டது. 1988இல் நீதிமன்றத்துக்கு கிட்டாரோடு போய் வாசித்துக் காட்டி ஜெயித்தார். தன் பாட்டுக்காக இவ்வளவு போராடிய மனிதர், அதையே மற்றவர்கள் கையில் கொடுத்து, 'உங்களுக்குப் பிடித்த மாதிரி செய்யுங்கள்' என்கிறார். விமர்சனம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

அப்படிக் கேட்டால் 'பிரௌட் மேரி' வேறு மாதிரி ஒலிக்கிறது. மிசிசிப்பி நதிக் கப்பலைப் பற்றிய அந்தப் பாட்டை எழுதியவர் கலிஃபோர்னியாக்காரர். 2013இல் அந்த நதிக்கரை ஊரான நியூ ஆர்லியன்ஸின் பியானோ கலைஞர் ஆலன் டூசான்ட்டும் அவ்வூர் ரீபர்த் பிராஸ் பேண்டும் சேர்ந்தபோது, பாட்டு அது பேசும் நதிக்கரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இதில் கூடப் பாடிய ஹட்சனின் குரல் வீச்சைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் இது அகப்படாது.

எனக்கு இந்த ஆல்பத்தின் உச்சம் 'சம்டே நெவர் கம்ஸ்'. 'ஒருநாள் உனக்குப் புரியும்' என்று அப்பா மகனிடம் சொல்லிவிட்டுப் போகிறார், அந்த ஒருநாள் வரவே இல்லை, பிறகு மகனும் அப்பாவாகி அதையே சொல்கிறான். 1972இல் இதை ஒரே குரல் பாடியது. இங்கே டாஸ் குழுவின் டெய்லர் கோல்ட்ஸ்மித், முப்பதைத் தொடாத இளைஞர், ஃபோகர்ட்டியோடு சேர்கிறார். கதையில் இருந்த இரண்டு தலைமுறையும் இப்போது காதிலேயே கேட்கிறது. இசையமைப்பு மூலத்தை ஒட்டித்தான் இருக்கிறது, சரி. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எல்லாப் பாட்டிலும் இது நடக்கவில்லை. கிட் ராக் பாடியதில் குரல் ஒன்று கூடியது, அவ்வளவுதான்.

2023இல் ஃபோகர்ட்டி தன் பாட்டுகளின் வெளியீட்டு உரிமையில் பெரும்பங்கை மீட்டார். 2025இல், எண்பது வயதில், அவற்றை விருந்தினர் யாரும் இல்லாமல் பழையபடியே திரும்பப் பதிவு செய்து வெளியிட்டார். பல ஆண்டு அநியாயத்துக்குப் பிறகு அப்படிச் செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு. இருந்தாலும் நான் கையில் எடுப்பது 2013 ஆல்பத்தைத்தான், அதுவும் கோல்ட்ஸ்மித்தோடு பாடிய அந்த ஒரு பாட்டுக்காக.