கிளச் வழுக்கினால் முதலில் பெடலைப் பாருங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் எங்கள் கராஜுக்கு வருவதில் பெரும்பங்கு வான், சின்ன லொறி, படுவான்கரைப் பக்கத்து லாண்ட்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரம். ஸ்போர்ட்ஸ் கார் அபூர்வம். அப்படியொரு காரில், எஞ்சினின் சுற்றைக் கியர்பொக்ஸுக்குக் கடத்தும் கிளச் சரியாகப் பிடிக்காமல் வழுக்கத் தொடங்கினால், சொந்தக்காரரின் மனம் நேரே பெரிய கிளச்சுக்குத்தான் போகிறது. காரோடு வந்த கம்பனிக் கிளச் தாங்கவில்லை, ரேஸ் கிளச் ஒன்றை எடுத்துப் போடுங்கள் என்கிறார்கள். கம்பனிக் கிளச்சின் மேல் விழும் இந்தப் பழி பெரும்பாலும் நியாயமில்லாதது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காத்தான்குடித் தம்பி ஒருவர் மஸ்டா ஆர்எக்ஸ் 8 ஒன்றைக் கொண்டுவந்தார். கைமாறி வாங்கிய கார். மகியங்கனை வழியாகக் கண்டிக்குப் போகும்போது 18 வளைவு ஏற்றத்தில்தான் பிரச்சினை தெரிந்திருக்கிறது.

"மூன்றாம் கியர்ல மிதிச்சா ஆர்பிஎம் முள்ளு மேல போகுது அண்ணே, கார் போகுதில்ல. கருகின மணமும் வந்தது."

"ஊருக்குள்ள ஓடக்குள்ள எப்படி?"

"ஊருக்குள்ள ஒண்டும் தெரியல்ல."

இந்தப் பதில் முக்கியமானது. கிளச்சுக்குள், லைனிங் என்ற உராய்வுப் பட்டை பதித்த பிளேட்டை, எஞ்சினோடு சுழலும் பிளைவீலின் மேல் பிரஷர் பிளேட் ஸ்பிரிங்கால் அழுத்திப் பிடிக்கிறது. ஒரு கிளச் எவ்வளவு முறுக்கு விசையைத் தாங்கும் என்பதை பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் அழுத்தும் பலமும், லைனிங்கின் உராய்வும், பிளேட்டின் ஆரமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. எஞ்சின் தருவது அந்த அளவைத் தாண்டும் இடத்தில்தான் வழுக்கும். ஆர்எக்ஸ் 8இன் எஞ்சின் பிஸ்டன் இல்லாத ரோட்டரி. 654 சிசி அறைகள் இரண்டு. ஜப்பானில் விற்ற ஆறு கியர் காரில் உச்ச முறுக்கு 216 நியூட்டன் மீற்றர், அதுவும் நிமிடத்துக்கு 5500 சுற்றில். காத்தான்குடி பிரதான வீதியின் ஈச்சமர வரிசைக்குப் பக்கத்தில் நெரிசலில் ஊரும் காரில் யார் 5500க்குப் போகப்போகிறார்கள்? பாதி பலம் போன கிளச்கூட அங்கே நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, மேல் கியரில் கிளச்சை விட்டு, எஞ்சின் நின்றால் கிளச் நல்லது என்று சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குறைந்த சுற்றில் எஞ்சின் தரும் முறுக்கு அற்பம். அதைத் தாங்கிவிட்டதால் 5500இல் தாங்கும் என்று சொல்ல முடியாது. செங்கலடியிலிருந்து கரடியனாறு போகும் வீதியில் ஓட்டிப் பார்த்தோம். குளிர்ந்த காரில் மூன்றாம் கியர் பிடித்து இழுத்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறித் திரும்பி வரும்போது 4500ஐத் தாண்டுமுன்னே முள்ளு துள்ளியது. ஒரு தடவை கண்டதே போதும். திரும்பத் திரும்பச் சோதித்தால் மிச்சமிருக்கும் லைனிங்கையும் நாமே எரித்துவிடுவோம்.

குளிரில் பிடிக்கிறது, சூட்டில் வழுக்குகிறது. இதைக் கண்டால் கியர்பொக்ஸைக் கழற்றப் போகாமல் காலடியில் குனிந்து பார்க்க வேண்டும். பெடலை விரலால் அழுத்தினால், எதிர்ப்பு வருமுன் சில மில்லிமீற்றர் சும்மா அசைய வேண்டும். இந்தக் காரில் அந்த அசைவு அறவே இல்லை. யாரோ முன்னர் பெடலோடு சேரும் புஷ் ரொட் என்ற தண்டை நீட்டிவிட்டிருந்தார்கள். கிளச் பிடிக்கும் இடத்தை மாற்றுவதற்காகச் செய்திருக்கலாம். நீட்டியதால், பெடலின் அழுத்தத்தைக் கிளச் ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுவதும் பின்னுக்கு வரவில்லை. ஒயில் தாங்கிக்குத் திரும்பிப் போகும் சின்னத் துளை மூடியபடியே இருந்தது. சூடேறிய ஒயில் விரியும். போக வழியில்லாததால் அது கிளச்சின் பிடியைத் தளர்த்தும் ரிலீஸ் பெயாரிங்கைத் தள்ளும். காலை எடுத்த பிறகும் யாரோ பெடலில் கால் வைத்திருப்பது போன்ற நிலை. கார் சூடாக இருக்கும்போதே, பெடலைத் தொடாமல், கீழே, அந்த ஒயில் வந்து சேரும் ஸ்லேவ் சிலிண்டரின் காற்றெடுக்கும் திருகைத் தளர்த்தினேன். ஒயில் பீறிட்டு வந்தது. சிக்கிக் கிடந்த அழுத்தத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை.

சரி, புஷ் ரொட்டைச் சுருக்கி லொக் நட்டை இறுக்கினால் வேலை முடிந்ததா? நேரத்தோடு வந்த கார் என்றால் அதோடு முடிந்திருக்கும். இது மலையேறி, கருகிய மணத்தோடு வந்த கார். கியர்பொக்ஸை இறக்கினோம். பிளேட்டின் லைனிங் ஆணித் தலைகள் வரை தேய்ந்து, முகம் கண்ணாடியாகப் பளபளத்தது. பிளைவீலில் நீலப் புள்ளிகள். அந்த இடங்களில் இரும்பு கடினமாகியிருக்கும். அப்படியே விட்டுப் புதுப் பிளேட்டைப் போட்டால் கிளச் நடுங்கும். பிளைவீலையும் கழற்றினோம். பிஸ்டன் எஞ்சினில் போலப் பல போல்ட் இல்லை, நடுவில் 54 மில்லிமீற்றர் நட் ஒன்றுதான். அதற்குரிய சொக்கட், பிளைவீலைப் பூட்டி வைக்கும் பிடி, இழுக்கும் கருவி மூன்றும் இல்லாமல் தொடக்கூடாது. பின்னால் இருந்த ஒயில் சீல் காய்ந்து சுத்தமாக இருந்தது. ஒயில் கசிந்து லைனிங் நனைந்திருந்தால் கதையே வேறு.

தம்பியின் மாமா ஒருவர், பழைய பிளேட்டுக்கே புது லைனிங் அடித்தால் செலவு குறையுமே என்றார். லாண்ட்மாஸ்டருக்கும் உழவு இயந்திரத்துக்கும் அது நல்ல வழி, நானும் செய்விக்கிறேன். ஆனால் உழவு இயந்திரத்தின் எஞ்சின் ஏறக்குறைய 2250 சுற்றில் உழைக்கிறது. இந்த எஞ்சின் 9000 வரை போகும். வேகம் நான்கு மடங்கானால் லைனிங்கை வெளியே வீசும் விசை பதினாறு மடங்காகும். ஆணி விட்டுத் துண்டு பறந்தால் கியர்பொக்ஸின் கூட்டுக்குள் நடப்பது சின்ன விபத்து அல்ல. கூட்டைத் தாண்டி வந்தால் அதற்குப் பக்கத்தில் இருப்பது ஓட்டுபவரின் கால். இந்த விஷயத்தில் யார் கெஞ்சினாலும் நான் இறங்கி வருவதில்லை.

அப்புறம் ரேஸ் கிளச். துண்டு துண்டாகச் செரமிக் ஒட்டிய பிளேட்டுக்கு மெல்ல மெல்லப் பிடிக்கத் தெரியாது. பிடித்தால் ஒரே பிடி. வீதி நெரிசலில் கார் உதறும், அந்த அடியைக் கியர்பொக்ஸும் பின்னச்சும் வாங்கும். டர்போ பூட்டி முறுக்கைக் கூட்டிய காருக்கு அது தேவைதான். இந்தக் காரின் எஞ்சினோ கம்பனி விட்டபடியே இருந்தது. அதற்கென்று கணக்கிட்டுச் செய்த கிளச்சைப் போட்டால் போதும். இன்னொன்று, புஷ் ரொட் நீண்டபடியே இருந்திருந்தால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய கிளச்சும் அதே சூட்டில் அதே மாதிரி எரிந்திருக்கும். தம்பிக்கு இதை ஒயில் பீறிட்டபோதே பக்கத்தில் நிறுத்திக் காட்டியதால் வாதம் நீளவில்லை.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங், நடுப் பெயாரிங் எல்லாம் புதிதாகக் கொழும்பிலிருந்து வந்தன. பிளைவீலை லேத்தில் சீவினோம். பிரஷர் பிளேட் போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால் பிளேட் கோணும்.

காரைக் கொடுக்கும்போது ஓட்டும் விதத்தைப் பற்றியும் பேசினோம். 2.5 லீற்றர் டர்போ டீசல் பிக்கப் 2000 சுற்றிலேயே தரும் இழுவை இந்தக் காரில் அங்கே கிடையாது. அதனால் ஏற்றத்தில் எஞ்சினை உறுமவிட்டு, கிளச்சைப் பாதியில் பிடித்துக் காரை நிறுத்தி வைக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. நிற்க வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்கைப் பிடியுங்கள் என்றேன். முதல் 800 கிலோமீற்றருக்கு முழு மிதி வேண்டாம், நின்று நின்று போகும் ஊர் ஓட்டமே நல்லது, அதில்தான் லைனிங் பிளைவீலோடு படியும் என்றும் சொன்னேன். கண்டிப் பயணத்தைத் தள்ளிப்போடச் சம்மதித்தார்.

இப்போது கிளச் வேலை செய்து அனுப்பும் ஒவ்வொரு காரின் பில்லிலும் பெடலின் சும்மா அசைவு எத்தனை மில்லிமீற்றர் என்பதை அளந்து எழுதிக் கொடுக்கிறேன். அடுத்த கராஜில் புஷ் ரொட்டில் கை வைப்பவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வைக்கட்டும்.