350 கலோரியில் ஒரு டிபன் பாக்ஸ்

தொப்புளுக்கு மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு புடைப்பு. இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும். இரண்டு வருடம் அதைக் கண்டுகொள்ளாமலே ஓட்டினேன். இந்த மார்ச் மாதம் வலிக்க ஆரம்பித்ததும் சர்ஜனிடம் போனேன். குடலிறக்கம்தான், வலை வைத்துத் தைத்துவிடலாம், ஆனால் 94 கிலோவில் கத்தி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். இவ்வளவு எடையோடு செய்தால் காயம் ஆறுவதும் கஷ்டம், குடலிறக்கம் திரும்ப வரவும் வாய்ப்பு அதிகமாம். மூன்று மாதத்தில் எட்டு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்றார். அதற்குள் புடைப்பு உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டு, கடுமையான வலியும் வாந்தியும் வந்தால் ராத்திரி எந்த நேரமானாலும் ஓடி வரச் சொன்னார்.

முதலில் கைக்கு வந்த டயட் சார்ட்டைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கினோவா, ப்ரோக்கோலி, அவகாடோ. எனக்குத் தண்டையார்பேட்டையில் வீடு. காசிமேடு துறைமுகத்திலிருந்து காற்று அடித்தால் மீன் வாடை வாசல்வரை வரும். அவகாடோவுக்கு நான் எங்கே போக? அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு வேறொரு டயட்டீஷியனைத் தேடிப் போனேன். அந்த அம்மா முதலில் கேட்டது என் கிரியாட்டினின் ரிப்போர்ட்டை. சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் புரதத்தை ஏற்றக்கூடாதாம். அது சரியாக இருந்தபிறகுதான் கணக்குப் போட்டார்: ஒரு நாளைக்கு 1200 கலோரி, 80 கிராம் புரதம்.

80 கிராம் என்றதும் ஏதோ பயில்வான் சாப்பாடு என்று நினைத்தேன். அப்படி இல்லை. நல்ல ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கே எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். என் 94 கிலோவுக்கு அதுவே 78 வந்துவிடும். அதை 1200 கலோரிக்குள் அடைப்பதில்தான் சிக்கல். காலையும் இரவும் வீட்டில், மனைவி கண்முன்னால். மதியம்தான் ஆபத்து. மதியத்துக்கு என் பங்கு 350 கலோரி, 30 கிராம் புரதம்.

சரி என்று ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன். முதல் நாள் ராத்திரி, வழக்கமாக எனக்குப் போடும் சோற்றைத் தட்டோடு வைத்து, தட்டு எடையைக் கழித்துப் பார்த்தோம். 480 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி. குழம்பு ஊற்றுவதற்கு முன்னாலேயே 620 கலோரி தாண்டிவிட்டது. "இதுல இன்னும் ரெண்டாவது தடவை வாங்கிப்பீங்க, அதை யார் நிறுக்கிறது?" என்றாள் மனைவி. அடுத்து எண்ணெய்க்கு வந்தோம். எங்கள் வீட்டில் நாலு பேர், மாதம் ஐந்து லிட்டர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிக்கு மேல். அதுவே ஏறக்குறைய 340 கலோரி. என் மதியச் சாப்பாடு மொத்தமும் வாணலியிலேயே தீர்ந்துபோகிற கணக்கு. மருந்து பாட்டிலோடு வந்த ஐந்து மில்லி மூடியை அன்று முதல் எண்ணெய்ப் பாத்திரத்துக்குள் போட்டு வைத்தோம். என் பங்குக்கு ஒரு மூடி, 45 கலோரி. அதற்கு மேல் கிடையாது.

அம்மாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "இன்னா நைனா, கோழிக்குப் போடற மாரி போட்டுக்கினு போற" என்று டிபன் பாக்ஸைத் திறந்து திறந்து பார்ப்பார்.

முதல் வாரம் தப்பு பண்ணினேன். அவித்த முட்டை நாலு மட்டும் கட்டிக்கொண்டு போவேன், சீக்கிரம் குறையட்டும் என்று ராத்திரியும் சாப்பிடாமல் படுத்துவிடுவேன். ஐந்தாம் நாள் மண்ணடி மெட்ரோவில் படியேறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டயட்டீஷியனுக்குப் போன் பண்ணினால் நல்ல டோஸ். 1200 என்பதே அளந்து கொடுத்தது, அதிலும் வெட்டினால் தசைதான் கரையும், பித்தப்பையில் கல்கூட வரலாம், புரதம் ஏறும்போது தண்ணீரும் காய்கறியும் ஏறவில்லை என்றால் மலச்சிக்கல் வேறு என்றார். கடைசியாகச் சொன்னது ஏற்கெனவே வந்திருந்தது. போனில் அதைச் சொல்லவில்லை.

அப்புறம்தான் ஒழுங்காக யோசித்தேன். நாம் எப்போதும் சோற்றிலிருந்து ஆரம்பிக்கிறோம். இன்றைக்குச் சோறு, அதற்கு என்ன குழம்பு, தொட்டுக்கொள்ள என்ன என்று. நான் தலைகீழாக ஆரம்பித்தேன். முதலில் 30 கிராம் புரதம் எதில் வரும், அதற்கு எவ்வளவு கலோரி போகும். மிச்சம் இருப்பதில் காய், அதற்கும் மிச்சம் இருந்தால் ஒரு கை சோறு.

இந்தக் கணக்கில் மீனை அடிக்க ஆளில்லை. கொழுப்பில்லாத மீன் 100 கிராம் என்றால் சுமார் 100 கலோரி, 20 கிராம் புரதம். எறாவும் கிட்டத்தட்ட அதே கணக்கு, கடமா என்கிற கணவாய் சற்றே குறைவு. மீனைத் தவாவில் வாழை இலை வைத்து அதன்மேல் சுட்டால் ஒரு மூடி எண்ணெய்கூட மிஞ்சும். காசிமேட்டில் நான் வழக்கமாக வாங்கும் அக்காவிடம் 150 கிராம் சுறா கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா தம்பி, வீட்ல சண்டையா?" என்றார். பிறகு அரைக் கிலோவாக வாங்கி மூன்று பங்கு போட்டு ஃப்ரீசரில் வைக்கப் பழகிக்கொண்டேன்.

சுறா புட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறட்டும் என்று செய்து கொடுப்பது. மஞ்சள்தூளும் உப்பும் போட்டு சுறாவைத் தண்ணீரில் வேகவிட வேண்டும். ஆறினதும் சொரசொரவென்று இருக்கும் தோலை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். சதையைக் கையில் வைத்து நன்றாகப் பிழிய வேண்டும். இந்த இடத்தில் சோம்பேறித்தனம் பட்டால் புட்டு வராது, களிதான் வரும். பிழிந்ததை உதிர்த்து, மிளகுத்தூள் போட்டுப் பிசறி வைத்துவிட்டு, ஒரு மூடி எண்ணெயில் சோம்பு, நிறையப் பூண்டு, பச்சை மிளகாய், வெங்காயம் வதக்கி, அதில் கொட்டிச் சின்னத் தீயில் கிளற வேண்டும். ஈரம் போய் பொலபொலவென்று ஆகும்வரை கரண்டியை விடக்கூடாது. 150 கிராம் சுறாவுக்கு 200 கலோரிக்குள், 30 கிராம் புரதம். எண்ணெய், வெங்காயம் சேர்த்தாலும் 50 கிராம் சோற்றுக்கு இடம் இருக்கும். கூடவே முருங்கைக்கீரை. சுறா போன்ற மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம் என்று டயட்டீஷியன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே அது எனக்குப் புதன்கிழமைப் பண்டிகை.

தம்புச் செட்டித் தெருவில் எங்கள் ஆபீஸ். கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலை. ஒரு மணிக்கு ஆறு பேர் ஒரே மேஜையில் பாக்ஸைத் திறப்போம், ஆறு கையும் ஆறு பாக்ஸிலும் நுழையும். டயட்டைக் கெடுப்பது பசி என்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை, இந்த மேஜைதான் கெடுத்தது. ஒருவர் வைக்கும் உருளைக்கிழங்கு வறுவல் இரண்டு கரண்டி, இன்னொருவரின் சிக்கன் குழம்பில் ஒரு துண்டு. எதையும் வேண்டாம் என்று சொன்னால் முகம் வாடும். புட்டு கொண்டுபோன முதல் புதன்கிழமை வேறு மாதிரி ஆனது. "அண்ணா, எத்தனையாவது மாசம்?" என்று ஒரு பையன் கேட்க, சிரிப்பு அடங்குவதற்குள் என் பாக்ஸ் காலி. அடுத்த வாரத்திலிருந்து இரண்டு பாக்ஸ் கொண்டுபோனேன், ஒன்று மேஜைக்கு, ஒன்று எனக்கு. தங்களுடையதை எனக்கு வைக்காதீர்கள் என்றும் சொல்லிவிட்டேன். ஆபரேஷன் என்ற வார்த்தைக்கு இருக்கும் மரியாதை டயட் என்ற வார்த்தைக்கு இல்லை. அதையே பயன்படுத்திக்கொண்டேன்.

ஏப்ரல் 15 வந்தது. மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும், ஃபைபர் படகுகள் கொண்டுவருவதுதான் மீன். சங்கரா விலையைக் கேட்டுவிட்டு இரண்டடி பின்னால் வந்தேன். நெத்திலியும் காணாங்கத்தையும் கிடைத்த அன்றைக்கு வாங்கினோம். கருவாடு இருக்கிறதே என்றார் அம்மா. புரதம் இருக்கிறதுதான், ஆனால் உப்பு. எனக்கு பிபி மாத்திரை ஓடுகிறது.

அந்த இரண்டு மாதமும் கோழிதான் காப்பாற்றியது. தோல் இல்லாத நெஞ்சுக்கறி 100 கிராமில் 23 கிராம் புரதம், 120 கலோரி. நெஞ்சுக்கறியைக் குழம்பில் போட்டால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும் என்பது எல்லோர் வீட்டு அனுபவம். மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். சின்னத் துண்டுகளாக வெட்டி, தயிர், இஞ்சி பூண்டு, மிளகு, எலுமிச்சை போட்டு ராத்திரியே ஊறவைத்துவிடுவாள். காலையில் இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் இட்லித் தட்டில் பரப்பிப் பன்னிரண்டு நிமிடம். துண்டு பஞ்சு மாதிரி இருக்கும். கீழே இறங்கும் தண்ணீரில் மிளகு ரசம். அடுத்த ஈடு பிள்ளைகளுக்கு இட்லி அவித்தபோது அதில் கோழி வாசம் வந்து வீட்டில் ஒரு கலவரமே நடந்தது. இப்போது தனித்தட்டு.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. பருப்பு, சுண்டல் என்று ஒப்பேற்றலாம் என நினைத்தேன். கணக்குப் போட்டதும் புரிந்தது. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 9 கிராம் புரதம்தான், கலோரியோ 160. 30 கிராம் புரதத்துக்குச் சுண்டல் தின்றால் 500 கலோரி தாண்டும். பனீரும் அப்படித்தான், 100 கிராமுக்கு 18, 20 கிராம் புரதம் வந்தாலும் கொழுப்பு சேர்ந்து 300 கலோரியைத் தொடும். கடைசியில் கைகொடுத்தது எல்லோரும் கேலி பண்ணும் மீல்மேக்கர். காய்ந்தது 40 கிராமில் 20 கிராம் புரதம், 140 கலோரி. கொதிநீரில் போட்டு மூன்று தடவை பிழிந்தால் அந்தப் பச்சை வாடை போய்விடும். மிளகு போட்டுப் பிரட்டி, பக்கத்தில் ராத்திரி முழுக்க வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரில் வெள்ளரிக்காய். ருசி என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை கழிந்தது.

சறுக்கல் இல்லாமல் இல்லை. மே மாதம் ஒரு சாயங்காலம், பர்மா பஜார் பக்கம் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடையில் நின்றுவிட்டேன். அத்தோ வேண்டாம், முட்டை மட்டும் என்று சொன்னேன். அவித்த முட்டையைக் கீறி, பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, மேலே எண்ணெயைக் கரண்டியால் விட்டுக் கொடுத்தார்கள். இரண்டு. நின்றவாக்கில் அப்புறம் இன்னும் இரண்டு. அந்த வாரம் தராசில் நூறு கிராம்கூட இறங்கவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் சர்ஜன் எடை பார்த்தார். 86.3. "எட்டு கிலோ சொன்னேன், முன்னூறு கிராம் பாக்கி" என்று சிரித்துவிட்டுத் தேதி கொடுத்தார். படகுகள் மறுபடி கடலுக்குப் போன வாரம் நான் வயிற்றில் கட்டோடு படுத்திருந்தேன். மனைவி போனில் ஒரு படம் அனுப்பினாள். தராசின்மேல் ஒரு முழு சங்கரா, தலையும் வாலும் இரண்டு பக்கமும் தொங்க, 740 கிராம். கீழே எழுதியிருந்தாள்: "உங்க பங்கு எவ்வளவுன்னு அத்தை கேக்கறாங்க."