ஜியோபாலிமரின் நிறமாலையில் நான் தவறாகப் படித்த பட்டை

மதுரையில் முதுகலைப் படிப்பின் இறுதி ஆண்டில், சிமெண்டே சேராத ஜியோபாலிமரை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து கிடைக்கும் நுண்சாம்பலான ஃப்ளை ஆஷைச் சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சிலிக்கேட் கரைசல்களோடு பிசைந்து, 60 டிகிரி செல்சியசில் ஒரு நாள் வைத்தால் கல்லாக இறுகிவிடுகிறது. சாம்பலில் உள்ள கண்ணாடிப் பகுதி காரத்தில் கரைந்து, சிலிக்கனும் அலுமினியமும் ஆக்சிஜன் வழியே கோத்துக்கொண்ட புதிய வலைப்பின்னலாக மாறுகிறது என்று படித்திருந்தேன். இந்த வலையில் படிக ஒழுங்கு இல்லாததால் எக்ஸ் கதிர் முறையில் அகன்ற மேடு ஒன்றே தெரியும். ஆகவே, பிணைப்புகளின் அதிர்வையே காட்டும் அகச்சிவப்பு நிறமாலையை நாடினேன். பிணைப்பு ஒளியை உறிஞ்சும் இடம் அதில் ஒரு பட்டையாகத் தெரியும்.

ஒரு மில்லிகிராம் மாதிரியை அகச்சிவப்பு ஒளியைத் தடுக்காத உப்பான பொட்டாசியம் புரோமைடு 200 மில்லிகிராமுடன் அகேட் உரலில் அரைத்து, அழுத்தி, வில்லையாக்க வேண்டும். நான் தொடங்கியதோ ஐப்பசி மழைக்காலம். பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை இழுத்ததால் வில்லைகள் பால்போல் வெளுத்தன. 3450, 1640 ஆகிய அலை எண்களில் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) நீரின் பட்டைகள் பெருத்து நின்றன. 1440 அருகே எழுந்த வலுவான பட்டையைப் புதிய வலையின் அடையாளம் என்றே நம்பி, குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

அதைப் பார்த்த மூத்த ஆய்வாளர் அக்கா, “பொடிய எத்தன நாளா தொறந்து வச்சிருந்த தம்பி?” என்று மட்டும் கேட்டார். பதினோரு நாட்கள். வினைபுரியாமல் எஞ்சிய சோடியம் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாகியிருந்தது. அந்தப் பட்டை அதனுடையது. மறுமுறை மாதிரியை உடைத்த அன்றே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, உலர்த்தி, ஈரம் அண்டாத பாத்திரமான டெசிக்கேட்டரில் மூடி வைத்தேன். பொட்டாசியம் புரோமைடையும் 110 டிகிரியில் உலர்த்திக்கொண்டேன். 1440இன் பட்டை பெரிதும் சுருங்கியது.

அதன் பிறகே உண்மையான செய்தி கண்ணில் பட்டது. சிலிக்கன்–ஆக்சிஜன் வலையின் அதிர்வைக் காட்டும் அகன்ற முதன்மைப் பட்டை, சாம்பலில் 1080 அருகே இருந்தது, ஜியோபாலிமரில் 1005க்கு இறங்கியிருந்தது. அலுமினியம்–ஆக்சிஜன் பிணைப்பு சிலிக்கன்–ஆக்சிஜன் பிணைப்பைவிட வலுக் குறைந்தது. அலுமினியம் வலைக்குள் புகும்போது அதிர்வெண் தாழ்கிறது. சோடியம் ஒட்டிய அறுந்த முனைகளும் இதே விளைவைத் தரும் என்பதால், இந்த நகர்வைக் கொண்டு மட்டும் அலுமினியத்தின் அளவைக் கணக்கிடுவது சரியன்று என்றே கருதுகிறேன்.

கருவியே பிசகியிருக்குமோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. அதைத் தீர்த்தது சாம்பலிலேயே இருக்கும் படிகக் கனிமமான குவார்ட்ஸ். காரத்தில் அது பெரும்பாலும் கரையாததால், 797, 778 ஆகிய அதன் இரட்டைப் பட்டைகள் இரண்டு நிறமாலைகளிலும் அசையாமல் அதே இடத்தில் இருந்தன. அவற்றைச் சுட்டிக்காட்டித்தான், முதன்மைப் பட்டையின் இறக்கம் மாதிரிக்குள் நடந்த மாற்றமே என்று வாய்மொழித் தேர்வில் விளக்கினேன்.