நெய்ம் யூனிட்டி ஆட்டம்: வீட்டில் வைத்துக் கேட்ட நாட்கள்

பிப்ரவரி 7, சனி

மாலையில் கடைக்காரர் நெய்ம் யூனிட்டி ஆட்டம் (Atom) என்ற பாட்டுப் பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். "அவசரமே இல்லை சார், எல்லாரும் கேட்டுட்டு நிதானமா முடிவு பண்ணுங்க" என்றார். லட்சங்களில் விலை போகும் பொருளைக் கடையின் ஏசி அறையில் பத்து நிமிடம் கேட்டுவிட்டு வாங்கக் கூடாது. நம் அறையில், நம் ஸ்பீக்கரில், நமக்குப் பழகிய பாட்டில் கேட்க வேண்டும்.

நெய்ம், இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள நிறுவனம். யூனிட்டி ஆட்டம் 2017இல் வந்தது. ஸ்பீக்கரை இயக்கும் ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்), டிஜிட்டல் கோப்பை ஒலி அலையாக மாற்றும் டாக், நெட்வொர்க் வழியாகப் பாட்டை எடுத்துவரும் நெட்வொர்க் பிளேயர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். அகலம் 245 மில்லிமீட்டர்தான், ஆனால் 7 கிலோ. மேலே கை நிறையப் பிடிக்கும்படி ஒரு பெரிய வால்யூம் சக்கரம்.

ஸ்பீக்கர் வயரின் நுனியை முறுக்கிச் செருக இதில் வழியில்லை, பனானா பிளக் என்ற உலோக முனை மட்டும்தான் ஏறும். காந்திபுரம் போய் வாங்கிவந்து மாட்டி முடிப்பதற்குள் இரவு பத்தாகிவிட்டது. பாட்டு நாளைக்கு.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஹாலுக்கும் ரவுட்டருக்கும் நடுவே இரண்டு கான்கிரீட் சுவர்கள். வைஃபையை நம்பாமல் லேன் கேபிளே இழுத்துவிட்டேன். இப்படிப்பட்ட கருவிக்கு முதல் செலவு நல்ல கேபிளாக இருக்கட்டும்.

விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படும் இசைச் சேவைகளான டைடல், கோபஸ் இரண்டும் இந்தியாவில் சேவை தருவதில்லை. ஸ்பாட்டிஃபை, ஏர்பிளே, குரோம்காஸ்ட் வேலை செய்கின்றன. ஆக, நம் ஊரில் இதன் முழுத் திறமையையும் பார்க்க வேண்டுமானால் சொந்தக் கோப்புகள் வேண்டும். அப்பா வாங்கிச் சேர்த்த கச்சேரி சிடிக்களை ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வகை) கோப்புகளாக மாற்றி நாஸில், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டியில், வைத்திருக்கிறேன். சிடியின் 1411 கேபிபிஎஸ் தரம் துளியும் குறையாமல், ஏறக்குறைய பாதி இடத்தில் அடங்கிவிடும்.

இந்த ஆம்ப்பின் 40 வாட் போதுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும். 40 வாட் என்றால் அதன்மேல் 16 கூடி, 102. நான் கேட்கும் சராசரி அளவு 75ஐ ஒட்டி இருக்கும். தனி ஆவர்த்தனத்தின் (கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) உச்ச அடிகள் அதைவிட 20 டெசிபல் எகிறினாலும் இடம் மிச்சம் இருக்கிறது. இதன் அண்ணனான நோவா 80 வாட், ஆனால் கூடுதலாகக் கிடைப்பது வெறும் 3 டெசிபல். எங்கள் சின்ன ஹாலுக்கு அந்தப் பணம் வீண்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று தம்புரா மட்டும்.

எந்தக் கருவியையும் நான் முதலில் தம்புராவில்தான் சோதிப்பேன். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நான்கு தந்திகள், அவற்றுக்குக் கீழே, தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற கட்டையின்மேல் ஜீவா நூல். மீட்டியதும் தந்தி குதிரையின் வளைந்த பரப்பை உரசிக்கொண்டே அதிர்வதால், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து எழும் மெல்லிய மேல்சுரங்கள் பொங்கி வருகின்றன. சாதாரணத் தந்தியில், மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேல்சுரங்கள் பிறக்கவே கூடாது. தம்புராவில் அவையும் ஒலிக்கின்றன என்று சர் சி.வி. ராமன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதினார். அந்த மெல்லிய மேல்சுரங்கள்தான் ஆம்ப்புக்குப் பரீட்சை. அடியில் கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் நான்கு தந்தியும் ஒரே ரீங்காரமாகக் குழைந்துவிடும்.

இதில் குழையவில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளிகளில் ஒவ்வொரு தந்தியும் எழுந்து அடங்குவது தனித்தனியாகக் கேட்டது. அடுத்து கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன். அந்த அடிக்குரலின் கனம் அப்படியே நின்றது, ஊதிப் பெருத்துப் போகவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

காலையில் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் இருப்பது பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், அது தரும் கரண்ட் சைன் வேவ் இன்வெர்ட்டர் தருவதுபோல் சீரான அலையாக இருக்காது. அதில் ஓடும்போது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் முனகத்தான் செய்யும். பழைய ஆம்ப் முனகியது, இதுவும் முனகியது. சைன் வேவ் இன்வெர்ட்டரின் விலையையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

பிப்ரவரி 15, ஞாயிறு

மாமனார் வந்திருந்தார். இளவயதில் மிருதங்கம் கற்றவர். என் காதைவிட அவர் காதை நம்புவேன்.

நெய்மின் ஆப்டிகல் இன்புட்டில் (ஒளிவழி டிஜிட்டல் இணைப்பு) என்னிடமுள்ள விலை குறைந்த ஸ்ட்ரீமரை, அதாவது தனி நெட்வொர்க் பிளேயரை, செருகினேன். அதே கோப்பை ஒருமுறை அதன் வழியாகவும், ஒருமுறை நெய்மின் சொந்த நெட்வொர்க் பிளேயர் வழியாகவும் மகள் மாற்றி மாற்றிப் போட்டாள். எது எது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டின் ஒலியளவும் சமமாக இருப்பதைப் போன் மீட்டரில் முன்பே பார்த்துவிட்டேன். ஒரு டெசிபல் கூடினால்கூடக் காது அதையே நல்லது என்று சொல்லிவிடும்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்பிள்ளை" என்றார் மாமா. எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டிலும் டாக்கும் ஆம்ப்பும் நெய்முடையவைதானே.

அப்புறம் பழைய ஆம்ப்பை மாட்டினோம். இங்கே வித்தியாசம் தெரிந்தது. தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) கை அழுத்தி வழுக்கும்போது வரும் கும்கி நாதம், நெய்மில் எந்தச் சுருதியில் தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று பின்தொடர முடிந்தது. பழையதில் அது வெறும் 'கூம்'. ஆனால் மாமா எழுந்துபோய் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்து வைத்தார். பழைய ஆம்ப்பிலேயே பாதிக் கலக்கம் தீர்ந்தது! ஆம்ப் மாற்றத் துடிக்கும் நண்பர்கள் முதலில் இதைச் செய்து பார்க்க வேண்டும், ஒரு பைசா செலவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

ராகத்தை வைத்துத் தேட எனக்குத் தெரிந்து எந்தப் பெரிய சேவையும் வழி தருவதில்லை. ஆர்ட்டிஸ்ட், ஆல்பம், பாட்டு, அவ்வளவுதான். நாம் கச்சேரி கேட்கும் முறையே வேறு. இன்று தோடி கேட்க வேண்டும் போலிருக்கிறது, நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையில் தொடங்கி யார் யார் எப்படி வாசித்தார்கள், பாடினார்கள் என்று வரிசையாகப் போக வேண்டும் என்று தோன்றும்.

ஃபிளாக் கோப்பில் நமக்கு வேண்டிய பெயரில் குறிப்புகள் சேர்க்கலாம். கோப்புக் குறிப்புகளைத் திருத்தும் எம்பி3டேக் மென்பொருளில் ராகம், தாளம் என்று இரண்டு புதிய இடங்களை உண்டாக்கி நிரப்பினேன். நாஸில் பாட்டுப் பட்டியலைப் பரிமாறும் மினிம்சர்வர் மென்பொருளை நிறுவி, அவற்றையும் பட்டியலில் காட்டச் சொன்னேன். நெய்மின் செயலியில் 'ராகம்' என்று ஒரு வரி வந்து, அதற்குள் தோடி, காம்போதி, பைரவி என்று விரிந்தபோது, பல வருடமாகத் திறக்காத அலமாரி திறந்த மாதிரி இருந்தது. ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும் இடத்தில் டிராக் மாறினாலும் இடைவெளி விழவில்லை. நம் இசைக்கு இது மிக அவசியம்.

384 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் வரை உள்ள உயர்தரக் கோப்புகளை இந்தப் பெட்டி ஏற்கும். ஆனால் நம் செல்வத்தில் பெரும்பகுதி மோனோ ஒலிப்பதிவுகள், வானொலி நாடாக்கள். அவற்றுக்கு அந்த எண் எதையும் கூட்டித் தராது. தரவுகளை ஒழுங்காக அடுக்கிவைத்ததே எனக்கு அதிகம் கேட்கக் கொடுத்தது.

பிப்ரவரி 21, சனி

வாங்குகிறோம். "இதையே வச்சுக்கலாங்க, சக்கரத்தைத் திருப்பினா போதும், ஏழு ரிமோட் தேட வேண்டாம்" என்று மனைவி சொன்னதும் ஒரு காரணம்.

ஆல் இன் ஒன் பெட்டியில் பலருக்கு இருக்கும் பயம் எனக்கும் இருந்தது. ஆம்ப் இருபது வருடம் உழைக்கும், நெட்வொர்க் பகுதி அதற்கு முன்பே பழசாகிவிடுமே? ஞாயிறு சோதனை அதற்குப் பதில் சொல்லிவிட்டது. அப்படி ஒரு நாள் வந்தால், ஆப்டிகலில் ஒரு சின்ன ஸ்ட்ரீமரைச் செருகினால் அதே ஒலி வரும். ஆம்ப்புக்காக இதை வாங்கலாம், ஸ்ட்ரீமிங்குக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

சிடி டிரைவ் உள்ள யூனிட்டி ஸ்டாரையும் யோசித்தோம். சிடிக்கள் எல்லாம் ஏற்கனவே நாஸில் ஏறிவிட்டதால் தேவைப்படவில்லை. மிச்சமாகும் பணத்தில் ஸ்பீக்கருக்கு இரண்டு கனமான ஸ்டாண்டுகளும் ஒரு சைன் வேவ் இன்வெர்ட்டரும். திங்கட்கிழமை கடைக்காரரிடம் சொல்ல வேண்டும்.