பருவு எக்கடரா?

டிராயிங் சார் காலமானார் என்ற செய்தி ஏகாம்பரகுப்பத்திலிருந்து வந்த வாரத்தில்தான், நம் பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுச் செயலாளரும் பேசினார். வேறு யாரைப் பற்றி எழுதுவது? நம் ஆட்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காதில் செருகிய பென்சில், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட், வேப்பமரத்தடி. அவ்வளவு சொன்னால் போதும்.

1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன. நகரியில் நம் பள்ளியில் இந்தப் பக்கம் தமிழ்ப் பிரிவு, அந்தப் பக்கம் தெலுங்குப் பிரிவு. கணக்குக்கும் சரித்திரத்துக்கும் தனித்தனியாகப் போவோம். டிராயிங் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக நடக்கும். சாருக்குத் தாய்மொழி தெலுங்கு. ஆனாலும் எதையும் இரண்டு தடவை சொல்வார், இரண்டாவது தடவை நமக்காக.

தெருவிலும் அதே கதைதான். எங்கள் வீட்டில் அம்புலிமாமா, எதிர்வீட்டில் சந்தமாமா. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. எழுத்து மாறும், படம் மாறாது. எதிர்வீட்டுப் பையனும் நானும் திண்ணையில் இரண்டு இதழ்களையும் விரித்து வைத்துக்கொள்வோம். அவனுக்குத் தமிழ் படிக்க வராது, எனக்குத் தெலுங்கு எழுத்து தடுமாறும். ஆனால் வேதாளக் கதையின் படத்தைத் திறந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் வாயடைத்துப் போவோம். ஒரு கையில் உருவிய வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு, நடுவே நடந்துவரும் விக்கிரமன். வரைந்தவர் சங்கர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன், தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவுக்காரர். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது சங்கர் என்ற பெயர் மட்டும்தான் தெரியும், அதுவே பெரிய பெயர்.

ஒன்பதாம் வகுப்பில் அந்தப் படத்தை அப்படியே வரைந்தேன். கட்டம் போட்டு, பென்சிலில் எடுத்து, மேலே இந்தியன் இங்க். கிரீடத்தின் மணி, வாளின் பிடி, மரத்தின் விழுது என்று ஒரு கோடு விடவில்லை. இரண்டு பிரிவுப் பையன்களும் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். சார் வாங்கிப் பார்த்தார். சட்டத்தில் மாட்டச் சொல்வார் என்று நினைத்தேன். தாளை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்து, "பருவு எக்கடரா?" என்றார். உடனே தமிழ்ப் பிரிவுக்காக இன்னொரு தடவை: "எடை எங்கடா? பொணத்தைத் தூக்கிட்டுப் போறானா, தோள்ல துண்டு போட்டுட்டுப் போறானா?"

மரத்தடி மொத்தமும் சிரித்தது. எதிர்வீட்டுப் பையனும் சிரித்தான். அன்று முதல் பத்தாம் வகுப்பு முடியும் வரை எனக்குத் 'துண்டு' என்றுதான் பெயர். இதைப் படிக்கிற சிலருக்கு என் பெயரைவிட அதுதான் சட்டென்று ஞாபகம் வரும். அந்த வாரம் முழுக்க நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை சார் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து கும்பிட்டார். "பையனை ஒரு மணி நேரம் அனுப்புங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனது நூல் மூட்டை இறக்கும் கொட்டகைக்கு. லாரி நின்றிருந்தது. என்னை ஓர் ஓரமாக உட்காரவைத்து, "வரையாதே, பாரு" என்றார்.

பார்த்தேன். மூட்டை முதுகில் விழுகிற அந்த நொடியில் ஆள் சற்றே குட்டையாகிறார். சுமக்கிற பக்கம் இடுப்பு வெளியே தள்ளுகிறது, தலை எதிர்ப்பக்கம் சாய்கிறது. கழுத்தில் ஒரு நரம்பு காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள் எலும்புவரை கயிறாக நிற்கிறது. கால் பெருவிரல் மண்ணைப் பிடிக்கிறது, குதிகால் தாமதமாகத்தான் தரையைத் தொடுகிறது. சும்மா இருக்கிற கை சும்மா இருப்பதே இல்லை. விரல்கள் விரிந்து காற்றைப் பிடிக்கப் பார்க்கின்றன. பிறந்ததிலிருந்து நான் பார்த்துவந்த ஆட்கள்தான் அவர்கள். அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் சார் பையிலிருந்து சந்தமாமாவை எடுத்தார். தோளில் கிடந்த பிணத்தைக் கட்டைவிரலால் மறைத்தார். மறைத்த பிறகும் அரசன் எதையோ சுமந்துகொண்டுதான் நடந்தான்! அவன் இடுப்பு சொன்னது, கால் சொன்னது. நான் கிரீடத்தையும் விழுதையும் எண்ணிக்கொண்டிருந்தேன். சங்கர் அந்த உடம்புக்குள் இருந்து வரைந்திருந்தார். ஓர் ஓவியர் என்ன வேலை செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது அந்தக் கொட்டகையில்தான். இதைச் செய்துதான் பிழைக்க வேண்டும் என்று முடிவு செய்ததும் அங்கேதான்.

டிராயிங் லோயர், ஹையர் பரீட்சைகள் இரண்டுக்கும் பணம் கட்டியவர் சார். அப்பாவிடம் பேசி என்னை எழும்பூர் ஓவியக் கல்லூரிக்கு அனுப்பியவரும் அவரே. 1850இல் தொடங்கிய கல்லூரி. சங்கர் படித்ததும் அங்கேதான், தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த காலத்தில். சென்னைக்குப் போன புதிதில் மெரினாவில் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் நின்றேன். ராய் சௌத்ரி செய்தது, 1959இல் நிறுவியது. பாறையை நெம்பும் நான்கு பேர். ஒவ்வொரு முதுகிலும் அந்த எடை. குருவிடமிருந்து மாணவருக்குப் போன வழி எனக்கு அங்கே தெரிந்தது. சங்கரிடமிருந்து அது மாதம் ஒரு தடவை தபாலில் நம் தெருவுக்கு வந்திருக்கிறது. அன்று இரவே சாருக்குக் கடிதம் எழுதினேன்.

கல்லூரிக்குப் பிறகு சிங்கப்பூர். விளம்பர ஸ்டுடியோவில் பேஸ்ட்-அப், பிறகு ஏர்பிரஷ், பிறகு கம்ப்யூட்டர். பிஸ்கட் டப்பாவும் தைல பாட்டிலும் வரைந்தேன். நல்ல சம்பளம், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை; தங்கைகள் கல்யாணம் அதில்தான் நடந்தது. ஆனால் சார் ஒவ்வொரு இன்லண்டிலும் ஒன்றையே கேட்டார். தெருவில் பாவு (தறியில் ஏற்றும் நெடுக்கு நூல்) விரித்துக் கஞ்சி போடுகிறார்களே, விடிகாலையில், தெரு நீளத்துக்கு, இரண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து நடக்க, பின்னால் நகரி மூக்கு மலை. அதை வரைந்து அனுப்பு என்றார். நான் அவருக்குப் பிரஷ் அனுப்பினேன், கலர் பெட்டி அனுப்பினேன், கண் ஆபரேஷனுக்குப் பணம் அனுப்பினேன். அந்தப் படத்தை அனுப்பவில்லை. லீவில் போகும்போதெல்லாம் பாவு விரித்த தெருவைக் கடந்துதான் சார் வீட்டுக்குப் போவேன், கையில் இனிப்புப் பொட்டலத்தோடு. இப்போது எங்கள் தெருவில் பவர்லூம் சத்தம்தான். பாவு விரிப்பதில்லை.

சங்கர் 2020 செப்டம்பரில் மறைந்தார், மறு வருஷம் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அன்று சாரோடு போனில் பேசினேன். கண் சரியாகத் தெரியாத நிலையிலும் பேரனை விட்டுச் செய்தித்தாள் படத்தை வெட்டி வைத்திருந்தார். அன்றும் கேட்டார், பாவுத் தெரு என்ன ஆயிற்று என்று. வரைகிறேன் சார் என்றேன்.

நகரியிலேயே தங்கி, அவருக்குப் பின் அந்த மரத்தடியில் டிராயிங் சாராக இருந்திருந்தால் அதை வரைந்திருப்பேன். இந்த எண்ணம் வயதாக ஆகக் கூடிக்கொண்டே போகிறது.

இப்போது வரையத் தொடங்கியிருக்கிறேன், ஞாபகத்திலிருந்து. குனிந்து நடப்பவர்களின் முதுகு வருகிறது, கைகள் வரவில்லை. கஞ்சித் தூரிகையை எப்படிப் பிடிப்பார்கள், எந்தக் கை முன்னால் போகும் என்பதைக் கேட்க அப்பாவும் இல்லை, சாரும் இல்லை. பழைய போட்டோ யாரிடமாவது இருந்தால், தமிழ்ப் பிரிவோ தெலுங்குப் பிரிவோ, சங்கத்துக்கு அனுப்புங்கள். பாவு போட்டுப் பழகிய அக்காமார் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள்.